போணிக்குப் போன லேப்டாப்

பிலிப்பைன்ஸில், கலம்பா சந்தைப் பக்கம் யாராவது ஸெனாய்தாவைச் சாது என்று சொன்னால், அவர்கள் அவளிடம் ஒரு தடவைகூட லேப்டாப் வாங்கியதில்லை என்று அர்த்தம். வாங்கும்போதே திட்டுவாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்பாள். மெத்தையில் வைத்துப் படம் பார்க்காதே, அடியில் காற்றுப் போகாமல் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பாள். பணமும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கியவர்கள் அடுத்த லேப்டாப்புக்கும் அவளிடமே வந்தார்கள்.

கடை, ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுகிற ஜீப்னி வண்டிகளின் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பழைய கட்டடத்தின் மாடியில், மூலையில் இருந்தது. பலகையில் அவள் அண்ணன் டெல்ஃபின் பெயர். அவனைக் கூயா, அதாவது அண்ணன் என்றும், அவளை ஆத்தே ஸெனி, அதாவது ஸெனி அக்கா என்றும்தான் சந்தையில் கூப்பிடுவார்கள். பழைய லேப்டாப்பை வாங்குவது அவன், விற்பது அவன். வாங்கியதற்கும் விற்பதற்கும் நடுவில் அந்தப் பெட்டிக்கு என்ன நடக்கிறதோ அது முழுக்க ஸெனியின் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துப் பற்றவைப்பு வேலை பார்த்தவள் அவள். கம்பெனி வேறு நாட்டுக்குப் போனபோது பெண்களுக்கு ஆளுக்கொரு கேக்கும் கைகுலுக்கலும் கிடைத்தன. கேக்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் அண்ணன் கடைக்கு வந்தவள்தான்.

அவள் அந்த வேலையைக் குளிப்பாட்டுவது என்பாள். முதலில் பின்மூடியைக் கழற்றுவாள். உள்ளே பூனைமுடி இருக்கும், சோற்றுப் பருக்கை இருக்கும், ஒருமுறை கரப்பான் குடும்பமே இருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, காற்றாடியைத் துடைத்து, பட்டன்களின் இடுக்கில் பஞ்சுக்குச்சி விடுவாள். அதெல்லாம் மேல் குளியல். தலைக்குக் குளியல் அதற்குப் பிறகு. பழைய ஆள் விட்டுப்போன மெயில், போட்டோ கணக்குகளிலிருந்தெல்லாம் வெளியே வந்து, ஹார்டு டிஸ்க் வட்டு முழுவதையும் மேலே மேலே எழுதி அழித்து, பிறந்த குழந்தை மாதிரி ஆக்குவாள். வெறுமனே குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டுக் காலி செய்தால் போதாது, தேடத் தெரிந்தவன் திரும்ப எடுத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். டெல்ஃபினுக்கும் தெரியும். ஆனால் அதற்கு அரை நாள் ஆகும், டெல்ஃபினுக்குப் பொறுமை கிடையாது.

அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். குளிக்காத லேப்டாப்பின் மூடியில் காகித டேப் ஒட்டி, "இன்னும் இல்லை" என்று எழுதிவிடுவாள். டேப் இருக்கிறவரை விற்பனை கிடையாது.

பெண்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். டெல்ஃபின் கடையில் இருந்தால் வராந்தாவில் நின்று, அவன் டீக்குப் போகட்டும் என்று காத்திருந்து வந்தவர்களும் உண்டு. எதற்கு என்று ஸெனி கேட்டதில்லை. ஒரு லேப்டாப்புக்குள் என்னென்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாததா?

ரோவெனாவும் அப்படித்தான் வந்தாள். ஸ்டாண்டு ஓரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவள். டிரைவர்கள் அத்தனை பேரும் அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள். புருஷன் சவூதியில் கட்டட வேலை. மார்க்கெட் பையில், கீரைக்கு அடியில், லேப்டாப்பை வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆத்தே ஸெனி, இதை வித்துக் குடுங்க. எனக்கு இப்போ பெரிய போன் வந்துருச்சு."

"சரி."

"ஆனா..." குரலை இறக்கினாள். "உள்ள படம் இருக்கு. அவருக்கு அனுப்பினது. எனக்கு அழிக்கத் தெரியல. அழிச்சா மறுபடி வந்து நிக்குது. இதை வீட்ல வச்சுக்கிட்டுத் தூக்கமே இல்ல. நீங்களே பண்ணிடுங்க. கூயா டெல்ஃபின் கைக்குப் போகக் கூடாது."

"போகாது," என்றாள் ஸெனி. "பாஸ்வேர்டைச் சொல்லு."

ரோவெனா சொன்னாள். ஸெனி டேப்பைக் கிழித்து, ஒட்டுகிற பக்கத்தின் ஓரத்தில் பாஸ்வேர்டையும், மேல் பக்கத்தில் "இன்னும் இல்லை" என்பதையும் எழுதி, மூடியில் ஒட்டினாள். அலமாரியில் வைத்தாள். எப்போதும் செய்கிறதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மகளின் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை வாங்கப் போக வேண்டியிருந்தது. கணக்கில் மட்டும் குறைவு. அந்தக் கடுப்போடுதான் கடைப்படி ஏறினாள்.

டெல்ஃபின் ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. மேசைமேல் இருந்த லேப்டாப்புகளின் வரிசை, பெசோ நோட்டால் தட்டிவிட்ட மாதிரி கலைந்திருந்தது. போணி ஆனால் அந்தப் பணத்தை எடுத்து மற்ற சரக்கையெல்லாம் தட்டுவான். அன்றைக்கு எல்லாம் விற்றுப்போகும் என்று அவனுக்கு நம்பிக்கை. அந்தச் சந்தையில் எல்லோருக்குமே அந்த நம்பிக்கைதான். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் நாள் நாசம் என்று மீன்காரி முதல் நகைக்கடைக்காரர் வரை சொல்வார்கள்.

"நல்ல போணி, ஸெனி! ஷட்டரைத் தூக்கக்கூட இல்ல, ஆள் நிக்குது."

ஸெனி பையை வைக்கக் குனிந்தாள். நாற்காலிக் காலடியில் காகித டேப் சுருண்டு கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். அவள் கையெழுத்து. அலமாரியைப் பார்த்தாள். நடுத்தட்டில் ஒரு சதுரம் காலி.

"எதை வித்தே?"

"அந்தச் சாம்பல் கலர்."

"டேப் ஒட்டியிருந்துச்சே."

"போணிடி! முத ஆளு. அதுதான் வேணும்னு விரலை நீட்டி நிக்கிறாரு. இல்லன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா? ஏசுவே மரியாயே, அப்புறம் நாள் பூரா ஈ ஓட்டணும்."

"அது குளிக்கல."

"குளிப்பாட்டிட்டேன், குளிப்பாட்டிட்டேன். எனக்குத் தெரியாதா? உள்ள போய் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, படம் எல்லாம் பார்த்து அழிச்சுட்டுத்தான் குடுத்தேன்."

"பார்த்து," என்றாள் ஸெனி.

டெல்ஃபின் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"பார்க்காம எப்படி அழிக்கிறது? எது படம், எது பாட்டுன்னு..."

அவளுக்குக் காதுக்குள் இரைந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அங்கேயே நின்று செலவழிக்க நேரமில்லை. ரோவெனாவின் கணக்கு இன்னும் அந்தப் பெட்டிக்குள் திறந்தே இருக்கிறது. நெட் கிடைத்த உடனே அழித்த படமெல்லாம் மறுபடி இறங்கி வரிசையாக வந்து உட்காரும். அழிச்சா மறுபடி வந்து நிக்குது என்று ரோவெனா சொன்னது அதைத்தான்.

"யாருக்கு வித்தே?"

"மாங் இசித்ரோவுக்கு."

ஜீப்னி ஸ்டாண்டில் நின்று ஊர்ப்பேரைக் கூவி ஆள் ஏற்றுகிறவர்; பெரியவர்களை அங்கே மாங் என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவர் நிற்கிற இடம் ரோவெனா கடை பெஞ்சிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை.

"போய் வாங்கிட்டு வா."

"வித்த போணியைத் திரும்ப வாங்கவா? உனக்குப் பைத்தியமா? அதைவிட நீ என் கடைக்குத் தீ வை."

"வைப்பேன்," என்று சொல்லிவிட்டு ஸெனி படியிறங்கினாள்.

வெயில் ஏறியிருந்தது. இரண்டு ஜீப்னிக்கு நடுவில் புகுந்து, ஒருத்தன் ஹாரன் அடித்ததற்கு அவன் அம்மாவைச் சேர்த்துத் திட்டிவிட்டு, ஸ்டாண்டின் கொட்டகைக்குள் போனாள். தூணில் காசு போட்டால் நெட் தருகிற பெட்டி மாட்டியிருந்தது. அதற்குக் கீழே பெஞ்சில் மாங் இசித்ரோ, மடியில் சாம்பல் நிற லேப்டாப். சுற்றிலும் முறைக்குக் காத்திருந்த டிரைவர்கள் நாலைந்து பேர். அவர் கையில் நாணயம் இருந்தது. எழுந்து பெட்டியின் வாயில் போடப் போனார்.

ஸெனி உள்ளங்கையை அந்தத் துவாரத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"என்ன ஸெனி இது?" என்றார் மாங் இசித்ரோ. "ஓடி வந்து உண்டியலைப் பிடிச்சுக்கிட்டே?"

"அதை மூடுங்க, மாங் இசித்ரோ. நெட் போடக் கூடாது."

"காசு குடுத்து வாங்கினதும்மா."

"யாரு இல்லன்னா? உங்களுதுதான். இன்னும் குளிக்கல. குளிப்பாட்டிச் சாயங்காலம் நானே கொண்டாந்து தரேன்."

"நான்கூட இன்னைக்குக் குளிக்கல," என்றான் ஒரு டிரைவர். "என்னையும் கூட்டிட்டுப் போங்க ஆத்தே."

"உன்னை வெறும் தண்ணியில குளிப்பாட்டினா பத்தாது. பெட்ரோல் வேணும். தள்ளி நில்லு."

சிரித்தார்கள். மாங் இசித்ரோ சிரிக்கவில்லை. "உள்ள என்ன இருக்கு?"

"பழைய ஆளோடது."

"பழைய ஆளோடது என்ன?"

ஸெனி வாய் தவறி, "படம்," என்றாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொட்டகையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "எப்படிப்பட்ட படம்?" "யாரு படம்?" பெடிங் என்கிற டிரைவர், பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "ஏய், போன வாரம் நம்ம வெங் மார்க்கெட் பையைத் தூக்கிட்டு அந்த மாடிக்கு ஏறினாளே?"

ரோவெனாவை அங்கே எல்லோரும் வெங் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தலை அவள் கடைப்பக்கம் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. அங்கே அவள் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாது அவளுக்கு.

"என் படம்," என்றாள் ஸெனி.

தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"என்ன பார்க்கறீங்க? என் படம்தான். எம் புருஷனுக்கு எடுத்தது. எங்க அண்ணன் அறிவுகெட்டவன், தெரியாம வித்துட்டான். போதுமா?"

பெடிங்குக்குத்தான் முதலில் குரல் வந்தது. "ஒரே வீட்ல இருக்கிற புருஷனுக்கு எதுக்கு ஆத்தே படம்?"

"அவரு ராத்திரி காவல் வேலை, நான் பகல் வேலை. படத்துலதான் பார்த்துக்கணும். உம் பொண்டாட்டி உனக்கு எடுத்துக் குடுக்கலன்னா அதுக்கு நான் என்னடா பண்ண? மூஞ்சியைக் கழுவிட்டுக் கேட்டுப் பாரு, குடுத்தாலும் குடுப்பா."

ஒருவன் விசிலடித்தான். ஒருவன் தொடையைத் தட்டி, "போடுங்க மாங் இசித்ரோ, நான் காசு தரேன்!" என்றான். ஸெனியின் முகம் எரிந்தது. கை துவாரத்தின் மேலேயே இருந்தது. நாலு ஆம்பிளைகள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழிற்பேட்டை வாசலில் சோதனை என்ற பேரில் பையையும் இடுப்பையும் தடவவிட்டு நின்றவள்தான். ஆனால் இந்தச் சிரிப்பு இன்னொருத்தி மேல் விழ இருந்த சிரிப்பு என்று நினைக்க நினைக்க, ஒவ்வொருத்தனையும் இழுத்து அறையலாம் போலிருந்தது.

மாங் இசித்ரோ அவளையே பார்த்தார். பிறகு ஒருமுறை சாப்பாட்டுக்கடைப் பக்கம் பார்த்தார். லேப்டாப்பை மூடினார்.

"போணிச் சரக்கு," என்றார். "திருப்பிக் குடுத்ததா ஆயிடக் கூடாது. உன் அண்ணன் ஒப்பாரி வைப்பான்."

"திருப்பித் தரலீங்க. குளிக்க அனுப்புறீங்க."

"எம் பொண்ணுக்கு வாங்கினது. திங்கக்கிழமை காலேஜ். சாயங்காலம் வந்துரணும்." நீட்டினார். பெடிங்கைப் பார்த்து, "உன் முறை வந்துருச்சு, வண்டியை எடு. பல்லைக் காட்டினா டீசல் ஊறுமா?" என்று கத்தினார்.

மாடியில் ஸெனி வேலையைத் தொடங்கினாள். நெட் இல்லாமலே கணக்கைக் கழற்றினாள். ஒரு படத்தையும் திறக்கவில்லை. வட்டை அழிக்கப் போட்டாள். திரையில் நீலக்கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. அது நகர்கிறவரை பிரஷ்ஷை எடுத்துக் காற்றாடியைச் சுரண்டினாள். சுரண்டின வேகத்தில் பிரஷ்ஷின் மயிர் இரண்டு உதிர்ந்தது.

டெல்ஃபின் கொஞ்ச நேரம் கணக்குப்போடும் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "வாங்கிட்டு வந்துட்டேல்ல. அப்புறம் எதுக்கு மூஞ்சி?" என்றான்.

"என்ன பார்த்தே?"

"நான் வேணும்னா பார்த்தேன்? கண்ணுல பட்டுச்சு."

"ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. உடனே மூடினியா?"

அவன் கணக்குப்போடும் கருவியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ரெண்டு பட்டுச்சா?"

"ஸெனி..."

"அத்தனையுமா, கூயா?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "வெளிய யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நான் என்ன அப்படிப்பட்டவனா?"

"நீ எப்படிப்பட்டவன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. மத்தியானம் அவ கடையில போய் உட்காருவே. அவ உனக்குக் குழம்பு ஊத்துவா. நீ நிமிர்ந்து எங்க பார்ப்பே? சொல்லு, எங்க பார்ப்பே?"

"அதுக்கு என்ன செய்யச் சொல்றே? போணிக்கு வந்த ஆளை..."

"போணி, போணி! உன் போணிக்கு ஒருத்தியோட மானத்தைத் தூக்கி வச்சியே!"

பக்கத்துக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றது. எதிர்க்கடைக்காரர் டிவியின் ஒலியைக் குறைத்தார். ஸெனி கவலைப்படவில்லை. டெல்ஃபின்தான் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, லேப்டாப்பை மேலேயே வைத்துவிட்டு ஸெனி ரோவெனாவின் கடைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை இறைச்சி சேர்க்க மாட்டார்கள் என்பதால் பாசிப்பயறுக் குழம்பு. அண்டாவின் அடியில் கொஞ்சம் மிச்சம். ரோவெனா தட்டை எடுக்கப் போனாள்.

"சாப்பிட வரல," என்றாள் ஸெனி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் விற்றது, வாங்கிவந்தது, இப்போது சுத்தமாக அழிந்துகொண்டிருப்பது. கடைசியாக, "கூயா பார்த்துட்டான்," என்றாள்.

ரோவெனா கரண்டியை அண்டாவுக்குள் விட்டாள். அது சாய்ந்து குழம்புக்குள் முழுகியது.

"நான் உங்க கையிலதானே குடுத்தேன்?"

"ஆமா."

"அவருக்கு எப்படித் திறந்துச்சு?"

ஸெனிக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். படியிறங்கும்போதே தெரியும். "டேப்புக்குப் பின்னாடி பாஸ்வேர்டை எழுதி வச்சிருந்தேன்."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

ரோவெனா கீரைக் காம்பை மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. கோபத்தில் நிற்கிற தண்ணீர் அது. "ஸ்டாண்டுல என்னமோ சொன்னீங்களாம். பெடிங் வந்து சிரிச்சுட்டுப் போறான்."

"சொன்னேன்."

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"வேண்டாம்."

"சொல்லவும் மாட்டேன், ஆத்தே. இப்போ இல்ல." காம்பை வாளியில் எறிந்தாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா கொதிக்கிற குழம்பு தட்டுல விழாது."

"சொல்றேன்."

சொன்னாள். டெல்ஃபின் அன்றைக்கு மறுபடி ரொட்டிதான் தின்றான். சாயங்காலம் மாங் இசித்ரோவிடம் லேப்டாப் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா மினுங்குது," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பெடிங் தூரத்திலிருந்து, "ஆத்தே, எல்லாம் அழிச்சுட்டீங்களா? ஒண்ணாவது..." என்று ஆரம்பித்தான். அவள் கை செருப்புக்குப் போவதைப் பார்த்ததும் வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

சனிக்கிழமை ஸெனி அண்ணனுக்கு முன்னால் வந்து ஷட்டரைத் திறந்தாள். கடைத்தெருவில் வாங்கிய பூட்டை அலமாரிக் கண்ணாடிக் கதவில் மாட்டினாள். சாவியைக் கழுத்தில் மேரி மாதா பதக்கம் தொங்குகிற சங்கிலியில் கோத்து, சட்டைக்குள் போட்டாள்.

டெல்ஃபின் வந்து பார்த்தான். பூட்டைத் தொட்டான். ஏதாவது சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. புதிதாகக் கல்யாணமான மாதிரி ஒரு ஜோடி. அன்றைக்கு முதல் ஆட்கள். மேசைமேல் குளித்த லேப்டாப் இரண்டு இருந்தன. அந்தப் பெண் அவற்றைப் பார்க்கவே இல்லை. நேராக அலமாரிக்குப் போய், கண்ணாடிக்குள் டேப் ஒட்டியிருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினாள்.

"அது எவ்வளவு?"

"அதுவா? உங்களுக்காகக் குறைச்சே தரேன்மா, போணி நீங்கதான்," என்றான் டெல்ஃபின். கையைத் தங்கை பக்கம் நீட்டினான். "ஸெனி. சாவி."

"குளிக்கல."

"ஸெனி!" பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "போணிடி."

"நாளைக்கு வாங்க," என்றாள் ஸெனி அந்தப் பெண்ணிடம். "நாளன்னைக்கு வந்தா இன்னும் நல்லது. இது இன்னும் ஒருத்தரோடது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். டெல்ஃபின் வாசல்வரை பின்னாலேயே போய், விலையை இறக்கினான், இன்னும் இறக்கினான். அவர்கள் எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம் வந்தது. எதிர்க்கடைக்காரர் புத்தம்புது நோட்டால் தன் சரக்கையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தார், பட் பட்டென்று.

டெல்ஃபின் நாற்காலியில் விழுந்தான். "போச்சு. இன்னைக்கு நாளே போச்சு."

"போகட்டும்," என்றாள் ஸெனி.

பத்து மணிக்கு ஒரு பெண் வராந்தாவில் வந்து நின்றாள். கையில் துணிப்பை. டெல்ஃபின் இருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். ஸெனி எழுந்து வெளியே போய், பையை வாங்கிக்கொண்டு, அவள் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். டேப்பைக் கிழித்தாள். மேல் பக்கம் மட்டும் எழுதி ஒட்டினாள்.